வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாதவர் பிரித்தானியாவில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டுமா?

பிரித்தானியாவில் ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடிபோனவருக்கு முதல் சில வாரங்களுக்குள் வந்து சேரும் கடிதங்களுள் ஒன்று, அந்த முகவரிக்குத் தொலைக்காட்சி உரிமம் இல்லை என்று எச்சரிப்பதாக இருக்கும். எல்லோரும் டிவி லைசன்ஸ் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் பெயர் எதுவும் இல்லாமல், அங்கே குடியிருப்பவருக்கு என்று மட்டும் விலாசமிட்டு வரும் அந்தக் கடிதத்தின் கடுமையைக் கண்டு பதறி, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வீட்டுக்காரர்கள் பணம் கட்டிவிடுவது உண்டு. நம் வீட்டில்தான் டிவியே இல்லையே என்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கைபேசியில் தமிழ் அலைவரிசையின் மாலை நேரத் தொடரை ஒளிபரப்பாகும்போதே பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. முதலாமவருக்குப் பண நட்டம். இரண்டாமவர் செய்வது சட்டப்படி குற்றம்.

கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பெட்டி இல்லை என்பதால் மட்டும் ஒருவர் கட்டணத்திலிருந்து விடுபடுவதில்லை, பெட்டி இருக்கிறது என்பதால் மட்டும் கட்டணம் கட்ட வேண்டியதுமில்லை. 2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 363ஆம் பிரிவு, உரிமமின்றித் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பெறும் கருவியை நிறுவுவதையும் பயன்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. அத்தகைய கருவி என்பது வரவேற்பறைச் சுவரில் தொங்கும் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மடிக்கணினி, டேப்லெட், கைபேசி, விளையாட்டுக் கருவி, டிவியில் செருகும் ஸ்டிக் என எதில் ஒளிபரப்பைப் பார்த்தாலும் அந்த நேரத்தில் அது தொலைக்காட்சிக் கருவியாகிவிடுகிறது. ஆகவே நம்மிடம் என்ன கருவி இருக்கிறது என்று எண்ணுவதைவிட, வீட்டில் யார் எதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதே முதல் வேலை.

உரிமம் எப்போது தேவை

இரண்டு வகைப் பார்வைக்கு உரிமம் தேவை. ஒன்று, எந்த அலைவரிசையானாலும் அது ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்ப்பது, அல்லது அப்போதே பதிவு செய்து வைப்பது. மற்றது, பிபிசியின் இணையவழிக் காணொளிச் சேவையான ஐபிளேயரில் எதையாவது பார்ப்பது. ஐபிளேயரைப் பொறுத்தவரை, ஒளிபரப்பாகி முடிந்த பழைய நிகழ்ச்சியானாலும், தரவிறக்கி வைத்துப் பிறகு பார்ப்பதானாலும் உரிமம் வேண்டும். 2016 செப்டம்பர் 1 வரை, முடிந்த நிகழ்ச்சிகளை ஐபிளேயரில் உரிமமின்றிப் பார்க்க இடமிருந்தது. அந்த வழி அன்றோடு அடைபட்டது. அந்தப் பழைய விதியை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வகையில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நான் பிபிசி பார்ப்பதே இல்லை, பிறகு அதை நடத்தும் இந்தக் கட்டணத்தை எதற்குக் கட்ட வேண்டும் என்ற வாதம் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் சட்டம் அலைவரிசைகளுக்கிடையே வேறுபாடு பார்ப்பதில்லை. வெளிநாட்டு அலைவரிசைகளும் இதில் அடங்கும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் தமிழ் அலைவரிசையைச் செயற்கைக்கோள் வழியாகவோ, சந்தாச் செயலி வழியாகவோ, இணையம் வழியாக அலைவரிசைகளைத் தரும் ஐபிடிவி பெட்டி வழியாகவோ நேரலையாகப் பார்க்கும் வீட்டுக்கு உரிமம் கட்டாயம். மாதச் சந்தா தனியாகக் கட்டுகிறோம் என்பது இந்தக் கடமையைக் குறைப்பதில்லை. அனுமதியற்ற ஐபிடிவி பெட்டிகளைப் பொறுத்தவரை, டிவி லைசன்ஸ் எடுத்துவிட்டதால் அந்தப் பெட்டி சட்டபூர்வமாகிவிடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது; அது பதிப்புரிமை சார்ந்த வேறொரு சிக்கல்.

கிரிக்கெட், கால்பந்து நேரலைகளும் அப்படியே. அமேசான் பிரைம், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளில் வழக்கமாக நாம் பார்ப்பது வேண்டும்போது எடுத்துப் பார்க்கும் படங்களும் தொடர்களும் என்பதால் அவற்றுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதே சேவை ஓர் ஆட்டத்தையோ நிகழ்வையோ நேரலையாக வழங்கும்போது அதைப் பார்க்க உரிமம் வேண்டும். நேரலையை இடையில் நிறுத்திவைத்துச் சற்றுப் பின்னால் பார்ப்பதும், ஒரு மணிநேரம் தாமதமாக ஓடும் ‘பிளஸ் ஒன்’ அலைவரிசைகளைப் பார்ப்பதும் நேரலைக் கணக்கிலேயே வரும்.

உரிமம் தேவையற்றவற்றின் பட்டியலும் சிறியதல்ல. ஐடிவிஎக்ஸ், சேனல் 4 போன்ற செயலிகளில் ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சிகளை எடுத்துப் பார்ப்பது, யூடியூபில் ஏற்றி வைத்திருக்கும் காணொளிகள், டிவிடி, வீடியோ விளையாட்டு ஆகியவற்றுக்கு எதுவும் கட்ட வேண்டாம். பிபிசி தமிழ் யூடியூபில் போட்டு வைத்திருக்கும் செய்தித் தொகுப்பைப் பார்ப்பதற்கும், அதன் இணையதளத்தில் செய்தி படிப்பதற்கும் தேவையில்லை. வானொலிக்கென்று தனியாக இருந்த உரிமம் 1971இலேயே ஒழிக்கப்பட்டதால், வானொலி கேட்பதற்கும் கட்டணம் இல்லை. யூடியூபில் ஒரு தனிநபர் தன் அறையிலிருந்து நேரலையில் பேசுவது தொலைக்காட்சி ஒளிபரப்பாகக் கருதப்படுவதில்லை. ஒரு செய்தி அலைவரிசை தன் ஒளிபரப்பையே யூடியூபில் நேரலையாக ஓடவிட்டால் அதற்கு உரிமம் வேண்டும்.

இந்த வரையறைப்படி, பெரிய திரை டிவி வைத்திருந்தும் அதில் நெட்ஃபிளிக்ஸ் படமும் பிள்ளைகளின் விளையாட்டும் மட்டுமே ஓடும் வீட்டுக்கு உரிமம் தேவையில்லை. பெட்டியே இல்லாமல், தாத்தா மட்டும் டேப்லெட்டில் காலைச் செய்தியை நேரலையாகப் பார்க்கும் வீட்டுக்குத் தேவை.

வீட்டு நிலையை மதிப்பிடுவது

உரிமம் ஆளுக்கு அல்ல, முகவரிக்கே வழங்கப்படுகிறது. ஆகவே வீட்டில் உள்ள அனைவரையும் உட்காரவைத்து, யார் எந்தச் செயலியில் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒளிவுமறைவின்றிக் கேட்பது அவசியம். தன் கருவியில் வேறொருவர் நேரலை பார்க்கப்போகிறார் என்று தெரிந்தும் அதற்கு இடம் கொடுப்பவரும் சட்டத்தின்முன் பொறுப்பாளியே. ஆதலால் விடுமுறைக்கு வந்து தங்கும் உறவினர் உங்கள் பெரிய திரையில் தொடரை நேரலையாக ஓடவிட்டாலும் அது உங்கள் வீட்டுக் கணக்கில்தான் சேரும். நேரலையே வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஐபிளேயரையும் நேரலைச் செயலிகளையும் கருவிகளிலிருந்து நீக்கிவிடுவதும், கூரை ஆன்டெனாவின் கம்பியைக் கழற்றிவிடுவதும் நல்லது. சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் கைதவறி அழுத்துவதைத் தடுக்கும், பிறகு யாராவது கேட்டால் உங்கள் சொல்லுக்கு வலுவும் சேர்க்கும்.

அறை வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஒரே குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வீடு முழுமைக்கும் ஓர் உரிமம் போதும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஒப்பந்தம் என்றால், தன் அறையில் நேரலை பார்ப்பவர் தனக்கென்று ஒன்று எடுக்க வேண்டும். வீட்டு உரிமையாளருடன் தங்கும் வாடகையாளர் அவருடைய குடும்பத்தவராக இருந்தால் அவரது உரிமமே செல்லும்; உறவோ வேறு தொடர்போ இல்லாத வாடகையாளருக்குப் பொதுவாகச் செல்லாது. பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மாணவர், பெற்றோரின் வீட்டுக்கு உரிமம் இருந்தால், மின்கலத்தில் மட்டும் இயங்கும் கருவியில் நேரலை பார்க்கலாம். அந்தக் கருவியைச் சுவர் மின்சாரத்தில் செருகிக்கொண்டோ ஆன்டெனாவோடு இணைத்தோ பார்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விசித்திரமான விதிதான், ஆனாலும் நடைமுறையில் இருக்கும் விதி.

அறிவிப்பதும் ரத்து செய்வதும்

உரிமம் தேவையில்லை என்று உறுதியானால், உரிமங்களை வழங்கிக் கட்டணம் வசூலிக்கும் டிவி லைசன்சிங் அமைப்பின் இணையதளத்தில் அதைத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. முகவரி, பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்து, நேரலையும் ஐபிளேயரும் பார்ப்பதில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அப்படித் தெரிவிப்பது சட்டக் கட்டாயம் அல்ல. உரிமம் தேவையற்றவர் மௌனமாக இருந்தாலும் குற்றமில்லை. இருந்தாலும் தெரிவித்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் கடிதங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு நின்றுவிடும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் அந்த நிம்மதிக்கே ஒரு மதிப்பு உண்டு. இரண்டு ஆண்டு கழித்து நிலைமை மாறவில்லையா என்று மீண்டும் கேட்பார்கள்; அப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உறுதிப்படுத்தி வரும் மின்னஞ்சலைச் சேமித்து வைப்பது நல்லது.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர் நிறுத்த விரும்பினால், வங்கியில் நேரடிப் பற்றை (டைரக்ட் டெபிட்) முதலில் நிறுத்திவிடக் கூடாது. வங்கியில் மட்டும் நிறுத்தினால், டிவி லைசன்சிங்கில் அது பாக்கி வைத்தவரின் கணக்காகத் தெரியும்; நினைவூட்டல்கள் தொடரும். முதலில் உரிமத்தை ரத்து செய்து, அது ஏற்கப்பட்ட பிறகே வங்கி ஏற்பாட்டை முடிக்க வேண்டும். முழு ஆண்டுக்கும் முன்கூட்டியே கட்டியவர், மீதமுள்ள முழு மாதங்களுக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக உயர்ந்தது. பொதுவாக ஏப்ரல் மாதத்தில்தான் அது மாறும் என்பதால் அப்போதைய தொகையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்து செய்வதற்குமுன், சலுகைக்கு இடமிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. வீட்டில் 75 வயதைக் கடந்தவர் இருந்து, அவரோ அவருடைய துணையோ, வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட் பெற்றால், அவர் பெயரில் உரிமம் இலவசமாகக் கிடைக்கும். 75 கடந்த அனைவருக்கும் இலவசம் என்றிருந்த ஏற்பாடு 2020 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. கடுமையான பார்வைக் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவருக்குப் பாதிக் கட்டணம்.

மின்னஞ்சல் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டது, உங்களுக்குப் பணம் திரும்ப வர வேண்டியிருக்கிறது என்றெல்லாம் சொல்லி வங்கி விவரம் கேட்கும் போலி மின்னஞ்சல்கள் நீண்ட காலமாக உலவுகின்றன. அவற்றிலுள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து இணையதளத்துக்குச் செல்லுங்கள்.

யாராவது கதவைத் தட்டினால்

உரிமம் தேவையில்லை என்று அறிவித்த பிறகும் விசாரணை அலுவலர் ஒருவர் சரிபார்க்க வரக்கூடும். அவர் காவல்துறையினர் அல்ல; பிபிசிக்காக ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்யும் நிறுவனத்தின் ஊழியர். உங்கள் அனுமதியின்றி வீட்டுக்குள் வர அவருக்கு உரிமையில்லை. நீதிமன்றம் வழங்கிய சோதனை ஆணை இருந்தால் மட்டும் அனுமதிக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். இப்போது பேச விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். விரும்பினால் உள்ளே அழைத்துக் காட்டவும் செய்யலாம். உண்மையிலேயே எதுவும் பார்க்காத வீட்டில் அதனால் இழப்பு எதுவுமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றோரோ பிள்ளைகளோ தனியாக இருக்கும்போது கேள்வி பதில்களை எழுதிக் கையெழுத்து கேட்டால், புரியாத தாளில் கையெழுத்திட வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தத் தாள் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்கப்படக்கூடும்.

உரிமமின்றிப் பார்த்தது நிரூபணமானால் 1,000 பவுண்டு வரை அபராதமும் அதற்குமேல் வழக்குச் செலவும் வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் விசாரணை அரங்கின்றி, ஒரே நீதிபதி ஆவணங்களைப் பார்த்து முடிக்கும் நடைமுறையில் செல்கின்றன. அதற்கான அறிவிப்பு தபாலில் வரும். பதிலளிக்க 21 நாள்கள் உண்டு. இந்த ஒரு கடிதத்தை மட்டும் மற்ற எச்சரிக்கைக் கடிதங்களோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. பதில் இல்லாவிட்டால் உங்கள் தரப்பைக் கேளாமலே தீர்ப்பாகிவிடும்.

பிற நாடுகளில் இருக்கும் உறவினர் சொல்வதை வைத்து இங்கே முடிவெடுப்பதும், இங்குள்ள விதியை அங்கே சொல்வதும் ஆபத்து. ஜெர்மனியில் 2013 முதல் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடியிருப்பும் கட்ட வேண்டும். அந்தத் தொகை 2021இல் மாதம் 18.36 யூரோவானது. சுவிட்சர்லாந்தில் கருவியே இல்லாத குடும்பங்கள் விலக்குக் கேட்கும் வசதி 2023 இறுதியோடு முடிந்தது. அயர்லாந்துக் குடியரசில் இதற்கு நேர்மாறாக, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒளிபரப்பைப் பெறக்கூடிய பெட்டியை வைத்திருந்தாலே 160 யூரோ கட்ட வேண்டும், கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் வேண்டாம். எனவே பிரித்தானியாவுக்குட்பட்ட பெல்ஃபாஸ்டிலிருந்து அயர்லாந்துக் குடியரசின் டப்ளினுக்குக் குடிபெயர்பவர், நெட்ஃபிளிக்ஸுக்கு மட்டும் பயன்பட்ட தன் டிவியையும் கூடவே கொண்டுபோனால், அதுவரை இல்லாத கட்டணக் கடமை அங்கே அவருக்கு வந்துவிடும்.