வீட்டுக்குப் பின்னால் வாத்துக் கொட்டகை கட்டுவது எப்படி?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்து வீடு என்றால் பின்பக்கம் கொஞ்சம் இடம் எப்படியும் இருக்கும், அதில் வாத்தும் அங்சாவும் (நீண்ட கழுத்துள்ள பெருவாத்து) வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது கோழிக் கூண்டு போதாதா என்றுதான். போதாது. சாதாரண வாத்தும் அங்சாவும் கம்பில் ஏறித் தூங்காது, தரையில்தான் படுக்கும். எச்சத்திலும் தண்ணீர் அதிகம். அதனால் கூரையைவிடத் தரைக்குத்தான் நீங்கள் அதிகம் செலவு செய்ய வேண்டும்.

முதலில் அளவு. இரவு அடைக்க ஒரு வாத்துக்கு 4 சதுர அடி, ஒரு அங்சாவுக்கு 8 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். ஆறு வாத்து, இரண்டு அங்சா என்றால் 40 சதுர அடி, அதாவது 8 அடி நீளம், 5 அடி அகலம். முன்பக்கம் 6 அடி, பின்பக்கம் 5 அடி உயரம் விடுங்கள். வாத்துக்கு இவ்வளவு உயரம் தேவையில்லைதான், ஆனால் உள்ளே போய்க் கூட்டுகிற நமக்கு முதுகு இருக்கிறதே!

இடம் மேடாக இருக்கட்டும். அடைமழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் முளை அடியுங்கள். சுற்றி இருக்கும் மண்ணைவிட அரை அடி உயரமாகச் செம்மண் கொட்டி இடித்து, முடிந்தால் வாசல் பக்கம் லேசாகச் சரியும்படி சிமெண்டு போடுங்கள். சிமெண்டு போட்டால் எலியும் குடைந்து வராது. ஆனால் வெறும் சிமெண்டில் வாத்தை விடாதீர்கள், பாதம் புண்ணாகிவிடும், கம்பி வலைத் தரையும் அப்படித்தான். மேலே 4 முதல் 6 அங்குலத்துக்கு உமி பரப்புங்கள். கெடாவில் நெல் ஆலைக்குப் பஞ்சமில்லை, உமி கிடைக்கும். தினமும் காலையில் ஈரமான இடத்தை மட்டும் அள்ளிவிட்டு மேலே காய்ந்ததைப் போட வேண்டும். ஒரு பிடி உமியைக் கையில் இறுக்கிப் பாருங்கள்: கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, கட்டியாக நின்றாலோ மூக்கில் காரமாக ஏறினாலோ மாற்றியே ஆக வேண்டும். பூஞ்சை பிடித்த உமி வாத்தின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

சுவர் கீழே 2 அடிக்கு இடைவெளி இல்லாத பலகை, அதற்கு மேல் முழுக்கக் கம்பி வலை. படுத்திருக்கும் வாத்தின் மேல் காற்று நேராக அடிக்காது, சூடும் நாற்றமும் மேலே போய்விடும். வலை அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டி வலையாக இருக்க வேண்டும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலையை நாய் கிழித்துவிடும், அதன் இடைவெளியில் பாம்பும் நுழையும். மூசாங் (மரநாய்), உடும்பு, மலைப்பாம்பு எல்லாம் செம்பனைக் காட்டில் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆகவே கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். கதவு இரண்டரை அடி அகலம் வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டுதான் நுழையும். கூரைத் தகரத்துக்கு மேல் அத்தாப்பு (பனையோலை போன்ற ஓலைக் கீற்று) போட்டால் மதியச் சூடு நன்றாகக் குறையும்.

வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துவிடுங்கள். மினுங்கும் ஆணியையும் கம்பித் துண்டையும் வாத்து விழுங்கிவிடும், பிழைப்பது கஷ்டம். களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த பலகை, டின் எதையும் எடுக்கவே வேண்டாம்.

சரி, முட்டை இடும் இடம். வாத்துக்கு 14 அங்குலச் சதுரப் பெட்டி, தரையிலேயே, வெளிச்சம் குறைந்த மூலையில். முன்னால் 4 அங்குலப் பலகை வைத்தால் வைக்கோல் வெளியே வராது. நாலு வாத்துக்கு ஒரு பெட்டி போதும். அங்சாவுக்கு இரண்டரை அடிச் சதுரம் தேவை, பழைய லாரி டயரைப் படுக்க வைத்து வைக்கோல் நிரப்பினாலும் போதும், உள்விளிம்பில் மட்டும் மண் நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் மழைச்சாரல் தேங்கி ஏடிஸ் கொசு வந்துவிடும். இரண்டு அங்சாக் கூடுகளுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள். முட்டைப் பருவத்தில் ஆண் அங்சா வாத்தைக் கொத்தி விரட்டும், அப்போது கொட்டகையை இரண்டாகப் பிரிப்பதுதான் நல்லது.

தண்ணீர்த் தொட்டி வெளியே, கொட்டகையிலிருந்து தள்ளி. அலகு முழுக்க, மூக்குத் துளை வரை முங்கும் ஆழம் வேண்டும். அடியில் சரளைக்கல் போட்டு, வழியும் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். இரவில் உள்ளே தீனி வைத்தால் தண்ணீரும் கட்டாயம் வைக்க வேண்டும், வளர்ந்த வாத்துக்கு இரண்டும் வைக்காமல் அடைப்பதுதான் தரைக்கு நல்லது.

புது வாத்தை முதல் சில நாள் உள்ளேயே வைத்திருங்கள், பிறகு பொழுது சாயும்போது தீனித் தட்டைத் தட்டினால் தானாக வரும். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டை இடும், எட்டு மணிக்கு முன்னால் கதவைத் திறந்தால் முட்டையைப் புல்லுக்குள் தேட வேண்டியிருக்கும். அடை வைக்கிறவர்கள் முட்டையைக் கழுவாதீர்கள். குஞ்சு பொரிக்கச் சாதாரண வாத்துக்கு 28 நாள், செராத்திக்கு (முகத்தில் சிவப்புச் சதை உள்ள மஸ்கோவி வாத்து) 35 நாள், அங்சாவுக்கு ஏறக்குறைய 30 நாள் ஆகும்.