காசிமேட்டுக் கடம்பாவில் நோபல் நரம்பைத் தேடுவது எப்படி

பிளஸ் ஒன் விலங்கியலில் நரம்பு பாடம் வந்தால், செயல்நிலை மின்னழுத்தத்தின் (நரம்பில் செய்தி ஓடும்போது உண்டாகிற மின் மாற்றத்தின்) ஏற்ற இறக்க வரைபடத்தைப் பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது எந்த உயிரின் நரம்பில் எடுத்த அளவு என்று கேட்டால், மனிதனுடையது என்பார்கள். அந்த ஆராய்ச்சி நடந்தது கணவாயில். பழைய வண்ணாரப்பேட்டையில் டியூஷன் எடுக்கிற எனக்கு அது ஷேர் ஆட்டோ தூரத்திலேயே கிடைக்கிறது. பிறகு எதற்குப் படம் போட்டுக் காட்டுவது?

காசிமேட்டு மீன் சந்தையில் கணவாயைக் கடம்பா என்று கேளுங்கள். உள்ளே வெள்ளையாகக் கடல்நுரை ஓடு இருக்கிற அகலமான வகை இதற்கு வேண்டாம். நீளமாக, உள்ளே ஒளி ஊடுருவுகிற மெல்லிய தகடு மட்டும் இருப்பதுதான் வேண்டும். ஒரு ஜாண் நீளமாவது இருக்கட்டும். தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் தெளிவாக இருந்தால் புதுசு. சதை ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருந்தால் விட்டுவிடுங்கள். முக்கியமாக, "அக்கா, க்ளீன் பண்ணாம முழுசா குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "இன்னா டீச்சர், மையோடவா?" என்பார்கள். மையோடதான். அவர்கள் குடலை உருவுகிற வேகத்தில் நமக்கு வேண்டிய நரம்பும் அறுந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். வரத்து குறைவு, விலையும் அதிகம். அப்போது வேறு பாடம் நடத்தலாம்.

வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு கரைத்து ஐஸ் போட்டு வையுங்கள். வெறும் தண்ணீர் பட்டால் திசு உப்பி வெளுத்துவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. புது பிளேடு, சின்னக் கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி, கறுப்பு நூல், செல்போன் டார்ச் போதும்.

கடம்பாவை, தலைக்குக் கீழே இருக்கிற புனல் போன்ற குழாய் மேலே தெரியும்படி கிடத்துங்கள். உடற்பையின் வாயிலிருந்து வால்வரை, நடுக்கோட்டில், கத்தரியின் நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடியே வெட்டுங்கள். அடியிலேயே மைப்பை இருக்கிறது. உடைந்தால் பாடம் கெடாது, சட்டைதான் கெடும். உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத் தொடரலாம். பையை இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, செவுள்களையும் குடலையும் இழுக்காமல் வெட்டி எடுங்கள். இப்போது உள்சுவரில், வாய்ப்பக்கமாக, நடுத்தகட்டுக்கு இரண்டு புறமும் ஒவ்வொரு நட்சத்திரம் தெரியும். அதுதான் நட்சத்திர நரம்புமுடிச்சு. அதிலிருந்து நரம்புகள் கதிராகப் பிரியும். வால் நோக்கி ஓடுகிற தடித்த நரம்பைப் பிடியுங்கள். முடிச்சுப் பக்கம் நூலால் கட்டி, நூலுக்கு மேலே வெட்டி, மெதுவாகத் தூக்கிக் கறுப்புத் தட்டில் உப்புத் தண்ணீரில் போடுங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, சுற்றியிருக்கும் மெல்லிய இழைகளை ஊசியால் விலக்கினால், நடுவில் ஒரே ஒரு தடித்த குழாய் மிஞ்சும். பல நரம்பு செல்களின் இழைகள் ஒன்றாகச் சேர்ந்து உருவான ஒரே ஆக்ஸான், அதாவது செய்தியைக் கடத்துகிற நீண்ட இழை!

இதை முன்பு ரத்தக்குழாய் என்று நினைத்துக் கடந்து போனவர்கள் உண்டு. 1930களில் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஜே. இசட். யங்தான் இது நரம்பு என்று அடித்துச் சொன்னார். பெரிய கணவாய்களில் இதன் தடிமன் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. நம் கடலின் வகை அதே குடும்பம்தான், ஆனால் உருவம் சின்னது. ஆக்ஸானும் மெலிதாகவே இருக்கும். என் கணக்கில், இந்த நரம்பால் பின்னால் கிடைத்த நோபல் பரிசின் பாதிப் பெருமை இந்தத் தடிமனுக்குத்தான். குழாய் பருத்திருந்ததால்தான் 1939இல் இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் ஆய்வகத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்களும் கண்ணாடி மின்முனையை அதற்குள்ளேயே நீளவாக்கில் செருக முடிந்தது. தூண்டினால் உள்ளே இருக்கிற எதிர்மின்னழுத்தம் சுழியம்வரை வரும் என்றுதான் அதுவரை எண்ணம். அது சுழியத்தைத் தாண்டி ஏறத்தாழ 40 மில்லிவோல்ட் நேர்ப்பக்கம் போனது. சில வாரங்களில் உலகப்போர் வந்து வேலை நின்றது. சோடியம் உள்ளே பாய்வதுதான் ஏற்றம், பொட்டாசியம் வெளியேறுவதுதான் இறக்கம் என்று சமன்பாடுகளோடு அவர்கள் எழுதி முடித்தது 1952இல். கணினி கிடைக்காமல், கையால் சுற்றும் கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். நோபல் 1963இல், ஆஸ்திரேலிய நரம்பு ஆய்வாளர் எக்கிள்ஸுடன் பகிர்ந்து.

செத்த நரம்பில் மின்சாரம் காட்ட முடியாது. அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரியோடு வந்து நிற்பார்கள்.

தூக்காமல் விட்ட இன்னொரு நட்சத்திரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முன்பக்கம் போகிற குட்டை நரம்பையும் வால்பக்கம் போகிற நீளமானதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நீளமானது தடிமன். தடித்த இழையில் செய்தி வேகமாகப் போகும். அமெரிக்க ஆய்வாளர்கள் எர்லாங்கரும் காஸரும் 1944இல் நோபல் வாங்கியதும் நரம்பிழைகளின் இந்த வேறுபாடுகளைக் காட்டித்தான். அதனால் உடற்பை முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கி, தண்ணீரைப் பீய்ச்சி, கடம்பா தப்பித்து ஓடுகிறது. காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

பிளேடும் தட்டும் சுத்தமாக இருந்து, எல்லாம் ஐஸிலேயே நடந்திருந்தால், தோலை உரித்து மிளகு போட்டு வறுத்துவிடலாம். சீக்கிரம் இறக்குங்கள், அதிக நேரம் வெந்தால் ரப்பராகிவிடும்.