தெருவில் 'நோ என்ட்ரி' கேட்கப் போகிறீர்களா? முதலில் எதிர்ப்பவர் வீட்டுக்குப் போங்கள்

பெரிய ரோட்டில் பள்ளம் தோண்டினால் அடுத்த வாரமே உங்கள் தெரு பெரிய ரோடாகிவிடும். சென்னையில் மந்தைவெளி, தி.நகர், கோடம்பாக்கம் என்று எந்தப் பக்கம் குடியிருப்பவரைக் கேட்டாலும் இதே கதைதான். போன் மேப் காட்டுகிற சந்தில் பைக்கும் காரும் தண்ணி லாரியும் வரிசையாக நுழைகின்றன, வாசலில் கோலம் போடுகிறவர் நாலு புள்ளிக்கு ஒருமுறை எழுந்து ஒதுங்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அசோசியேஷன் கூட்டம் நடக்கும், யாராவது ஒருவர் எழுந்து "கேட் போட்டுடலாம் சார்" என்பார்.

போடாதீர்கள். தெரு மாநகராட்சியுடையது, உங்கள் அசோசியேஷனுக்கு அதில் சங்கிலி கட்டக்கூட அதிகாரம் கிடையாது. வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ உள்ள அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 115-வது பிரிவில் இருக்கிறது. மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோதான் செய்ய முடியும். அந்தப் பிரிவிலேயே நமக்கு உதவுகிற ஒரு வரியும் உண்டு: தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை, அந்த வட்டாரத்து ஆட்களுக்குத் தெரிகிற மாதிரி அறிவித்தால் போதும். அதனால்தான் "நிரந்தரமாக மூடுங்கள்" என்று கேட்பதைவிட "ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள்" என்று கேட்பது எளிது. தெருவுக்குள் எதிர்க்கிறவர்களையும் இதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்த முடியும்.

முதல் வேலை, எண்ணுவது. ஒரு வேலை நாளில் காலை 8 முதல் 9.30 வரை, மாலை 5.30 முதல் 7 வரை தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவர் உட்காருங்கள். பைக், ஆட்டோ, கார், வேன், லாரி என்று கட்டம் போட்ட தாள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை. கூடவே நம்பர் பிளேட்டின் கடைசி நாலு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுத முடியாவிட்டால் போனில் வீடியோ எடுத்துவைத்துப் பிறகு பார்க்கலாம். இந்த முனையில் நுழைந்த எண் இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த முனையில் வெளியேறியிருந்தால் அது ஷார்ட்கட் வண்டி. மற்றதெல்லாம் தெருவுக்கு வேலையாக வந்தது. இதைச் செய்யாமல் யாரும் பேசவே கூடாது என்பேன், ஏனென்றால் எங்கள் தெருவில் நாங்கள் நினைத்தது பாதி தப்பாக இருந்தது. காலையில் ஷார்ட்கட் வண்டிகள்தான் அதிகம், சரி. மாலை நெரிசலில் பெரும்பங்கு, தெருவிலேயே இருக்கிற டியூஷன் சென்டருக்குப் பிள்ளைகளை இறக்க வருகிற பெற்றோர்கள். அதற்கு நோ என்ட்ரி போர்டு என்ன செய்யும்?

இரண்டாவது வேலை கஷ்டமானது. கையெழுத்து வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், யார் வேண்டாம் என்பார்களோ அவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள், ஊரே ஒத்துக்கொண்டது என்று நினைத்து மனு கொடுத்துவிட்டோம். அந்தக் குழுவில் இருந்தது வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும். வாடகைக்கு இருப்பவர்கள், இஸ்திரி வண்டிக்காரர், முனையில் நிற்கிற ஆட்டோக்காரர்கள், பூக்கார அம்மா, மளிகைக் கடைக்காரர் யாருமே அதில் இல்லை. விஷயம் தெரிந்ததும் மளிகைக்காரர் எங்களை நிற்க வைத்துக் கேட்டார்: "போற வழில பைக்கை நிறுத்திப் பால் பாக்கெட் வாங்குறவங்களாலதான் சார் என் காலை வியாபாரமே." மாடி வீட்டில் ஒரு பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அவர் மகனுக்கு 108 எந்தப் பக்கமாக வரும் என்கிற கவலை. பக்கத்துத் தெருக்காரர்கள் மொத்தமாக வந்தார்கள், இங்கே அடைத்தால் எல்லாம் அங்கேதான் பாயும் என்று. அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். தடை கேட்டவர்களில் மிக உரக்கப் பேசியவர் தினமும் அந்தப் பக்கத்துத் தெரு வழியாகத்தான் ஷார்ட்கட்டில் ஆபீஸ் போகிறார் என்பது தனிக் கதை.

லண்டனிலும் இதே சண்டைதான். 2020-ல் குடியிருப்புத் தெருக்களில் பூத்தொட்டி வைத்து ஊடே போகிற கார்களைத் தடுத்தார்கள். உள்தெருக்காரர்கள் பலர் சந்தோஷப்பட, ஓரத்துப் பெரிய சாலைக்காரர்கள் புகையெல்லாம் எங்களுக்கா என்று கொதித்தார்கள். ஈலிங் பகுதியில் 2021-ல் மக்களிடம் கருத்துக் கேட்டுப் பெரும்பாலானவற்றை எடுத்தே விட்டார்கள்.

ஆகவே, தெருவுக்கு என்ன தொல்லையோ அதற்கு மட்டும் மருந்து கேளுங்கள். ஒருவழிப் பாதை எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் நம் ஆட்கள் இன்னும் வேகமாகப் போவார்கள், தெருவாசிகளே வீட்டுக்கு வர ஒரு சுற்று சுற்ற வேண்டும். காலை இரண்டு மணி நேரம் மட்டும் காருக்கு நோ என்ட்ரி, அல்லது லாரிக்கு மட்டும் தடை, அல்லது பெரிய ரோட்டிலிருந்து உள்ளே வலது பக்கம் திரும்பக் கூடாது என்பது போன்ற சின்னத் தடைகளுக்கு எதிர்ப்பு குறைவாக வரும். வேகம்தான் பிரச்சினை என்றால் 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் அறிவித்த வரம்பைக் காட்டுங்கள், குடியிருப்புப் பகுதியில் எந்த வண்டிக்கும் 30 கி.மீ.தான். ஸ்பீடு பிரேக்கர் கேட்டால் முறையானதாகக் கேளுங்கள்: சாலை வேலைகளுக்குத் தரம் வகுக்கிற இந்தியச் சாலை காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், மணிக்கு 25 கி.மீ.-ல் தூக்கிப் போடாமல் தாண்டலாம். ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் கொட்டி எழுப்புகிற திட்டு முதுகைத்தான் உடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு லாரிக்கும் கண் விழிப்பார்.

மனு ஒரு பக்கம் போதும். போர்டும் நேரத் தடையும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம், ஸ்பீடு பிரேக்கர் போன்ற ரோட்டு வேலை வார்டு உதவிப் பொறியாளரிடமும் கவுன்சிலரிடமும். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எண்ணிக்கைத் தாளை இணையுங்கள், தெருவின் வரைபடத்தைக் கையாலேயே வரைந்து வையுங்கள், பள்ளிக்கூடம், கிளினிக், குப்பை வண்டி வருகிற நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசியில், யாரெல்லாம் எதிர்க்கிறார்கள், ஏன், அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை நாங்கள் அப்படித்தான் எழுதினோம், மளிகைக்காரரே கையெழுத்துப் போட்டார், பைக்குக்குத் தடை இல்லை என்ற நிபந்தனையோடு.

சோதனை மாதம் கிடைத்தால் முதல் வாரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அந்த வாரம் எல்லாரும் போர்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே உள்ளே வருவார்கள். மூன்றாவது வாரம் அதே நேரம், அதே தாளோடு திரும்ப உட்காருங்கள். இந்த முறை பக்கத்துத் தெருவிலும் இரண்டு பேர் உட்கார வேண்டும், அவர்களில் ஒருவர் அந்தத் தெருக்காரராக இருக்கட்டும்.