நெல் மானியம் யாருக்குப் போகிறது? கேட்கும்போது செய்யும் தவறுகள்

அறுவடை முடிந்து லோரி ஆலைக்குப் போனதும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "அவனுக்கு அவ்வளவு வந்திருக்கு, நமக்கு மட்டும் ஏன் வரல?" கேள்வி நியாயம்தான். ஆனால் கேட்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

ஆலை தரும் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிடுவதுதான் பெரிய தவறு. நெல் விலை மானியம் முன்பு டன்னுக்கு 360 ரிங்கிட், பிறகு 500 ஆனது. சரி, எந்த டன்னுக்கு? லோரியில் போன மொத்த எடை ஒன்று. ஈரம், பதர், தூசி என்று வெட்டியது போக நிற்கும் நிகர எடை இன்னொன்று. மானியம் நிகர எடைக்குத்தான். 10 டன் கொண்டுபோய் 20 விழுக்காடு வெட்டினால் மிச்சம் 8 டன், மானியம் 4,000 ரிங்கிட். அதே 10 டன்னுக்குப் பக்கத்து வயல்காரரிடம் 17 விழுக்காடு வெட்டியிருந்தால் அவருக்கு 4,150. வெறும் தொகையை மட்டும் பார்த்தால் அவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் தோன்றும். எடை மேடையில் நடந்தது தொகையில் தெரியாது. வெட்டிய எடைக்கு நெல்லின் விலையும் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

என் மாமாவின் ரசீதில் ஒரு தடவை வெட்டு விழுக்காடு எழுதும் கட்டமே காலியாக இருந்தது. நாங்கள் கவனித்தபோது மூன்று மாதம் ஓடிவிட்டது. அப்புறம் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மானியப் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் வயலில் இறங்கியவர் என்று நினைப்பதும் தவறு. நிலத்துக்காரர் கோலாலம்பூர் அடுக்குமாடியில் இருப்பார். குத்தகைக்கு எடுத்தவர் இங்கே சேற்றில் நிற்பார். குத்தகை வாய்ப்பேச்சாகவே இருந்து, விவசாயிகள் கழகத்தில் பதிவையும் மாற்றாவிட்டால், மானிய உர மூட்டை பழைய பெயரில்தான் வரும். திட்டுவதற்கு முன் அந்தப் பதிவைப் பாருங்கள்.

தவறான கதவைத் தட்டுகிறவர்களும் உண்டு. பினாங்கில் 2010-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. அது மாநில அரசின் துறைகளுக்கு மட்டுமே. நெல் விலை மானியம் கூட்டரசுப் பணம், அதாவது மத்திய அரசின் பணம்; தேசிய நெல் நிறுவனமான பெர்னாஸ் வழியாக வருவது. மாநில அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

"தனிநபர் தரவுச் சட்டம் இருக்கு, சொல்ல முடியாது" என்று அரசு அலுவலகத்தில் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை. அதற்காக எல்லார் பெயரையும் சுவரில் ஒட்டச் சொல்வதும் சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் மானியம் வாங்கிய தனி விவசாயிகள் எல்லாருடைய பெயரையும் ஒன்றுவிடாமல் வெளியிட்டதை 2010-இல் அங்குள்ள நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு வந்த விதியில் சிறு தொகை வாங்குகிறவர்களின் பெயரை மறைத்தார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆகவே கடிதம் எழுதும்போது எந்தத் திட்டம், எந்தப் போகம், எந்த வட்டாரம், எத்தனை பேருக்கு, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். யாருடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் கேட்காதீர்கள். உங்கள் ரசீதின் நகலை மட்டும் இணையுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும்.