33-க்கு வாங்கி 11-ல் ஓட்டும்போது

பின்னால் 33 கே.வி.க்கு (கிலோவோல்ட்) மாறப்போகிற துணை மின்நிலையம், இப்போதைக்கு 11 கே.வி.யில் ஓடப்போகிறது. யார்டை, அதாவது சாதனங்கள் நிற்கும் திறந்தவெளியை, இன்றே 33-க்குக் கட்டிவிட்டால் பிறகு இடித்துக் கட்ட வேண்டாம். யோசனை நல்லதுதான். ஆனால் அண்மையில் இளைய பொறியாளர்கள் இருவர் கொண்டுவந்த பொருள் பட்டியல்களைப் பார்த்தபோது பழைய எரிச்சல் திரும்ப வந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லாமே 33 கே.வி. ரேட்டிங்! ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். இன்சுலேட்டர், ஐசோலேட்டர் (லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்), பஸ்பார் (மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் பொதுக் கம்பி) இடைவெளி, அஸ்திவாரம் இவற்றுக்கு அது சரி. மற்றவற்றுக்கு இல்லை.

பி.டி.

பி.டி. என்பது உயர் வோல்டேஜை மீட்டரும் ரிலேயும் படிக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கருவி. 33 கே.வி./110 வோல்ட் பி.டி.யை 11-ல் மாட்டினால் வெளியே வருவது 37 வோல்ட்கூட இல்லை. வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று காவல் கருவியான ரிலே, மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி ட்ரிப் கொடுக்கும். மீட்டருக்கான பி.டி.யின் துல்லியமோ, ரேட்டிங்கில் 80 முதல் 120 சதவீதம் வரைதான் உறுதி. இரட்டை விகிதம் கொண்டதாகக் கேளுங்கள், அல்லது இப்போதைக்கு 11 கே.வி. பி.டி.யே வாங்குங்கள்.

அரெஸ்டர்

இடி அலையைத் தரைக்குத் திருப்பிவிடும் கருவி இது. என்னைச் சுட்டதும் இதுதான். முன்பு ஒரு நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் 11 கே.வி.; லைன், யார்டு, அரெஸ்டர் எல்லாம் 33. 'பெரிய ரேட்டிங் என்றால் கூடுதல் பாதுகாப்பு' என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். இடி மழைக் காலம் வந்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும், அரெஸ்டர் எத்தனை முறை வேலை செய்தது என்று எண்ணும் கவுண்டரைப் போய்ப் பார்ப்போம், பூஜ்யம். இடியே விழவில்லை என்று நிம்மதியாகத் திரும்புவோம். ஒரு நாள் காலையில் டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிப் ஆகிக் கிடந்தது. திறந்து பார்த்தால் உயர் வோல்டேஜ் (எச்.வி.) சுருளில் இன்சுலேஷன் துளைத்துப் போயிருந்தது. அப்போதும் கவுண்டரில் பூஜ்யம்தான்.

கணக்கு எளிது. 11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் இடி அலை வழக்கமாக 75 கே.வி. 33-க்கான 30 கே.வி. அரெஸ்டரில் 10 கே.ஏ. (கிலோ ஆம்பியர்) பாயும்போது, அதன் முனைகளில் மிஞ்சுவதே தயாரிப்பைப் பொறுத்து 75 முதல் 100 கே.வி. வரை. அரெஸ்டர் சரியாக வேலை செய்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 11-க்கு உரிய 12 கே.வி. அரெஸ்டராக இருந்தால் மிஞ்சுவது 30, 40-க்குள் அடங்கும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 11 கே.வி. லைனாக இருந்தால் பெரிய அலை வழியிலேயே ஏதோ ஒரு இன்சுலேட்டரில் பொறியாகத் தாவித் தரைக்குப் போய்க் குறைந்திருக்கும். நாங்கள் போட்ட 33 கே.வி. இன்சுலேட்டர்கள் 170 கே.வி. வரை தாங்குபவை. அலை சேதாரமில்லாமல் நேராக டிரான்ஸ்ஃபார்மர் வாசலுக்கு வந்து சேர்ந்தது. லைனைப் பலப்படுத்தி, டிரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுத்திருக்கிறேன்!

இப்போதெல்லாம் தாங்கியையும் அஸ்திவாரத்தையும் 33-க்குப் போட்டு, அதன்மேல் 12 கே.வி. அரெஸ்டரை டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒட்டினாற்போல வைக்கிறேன். ஆனால் 33-க்கு மாறும் நாளில் முதலில் கழற்ற வேண்டியதும் அதுதான். மறந்து 33 கே.வி. மின்சாரம் கொடுத்தால் வெடிக்கும். அதனால் மாற்றப் பணிப் பட்டியலின் முதல் வரியாக அதை இன்றே எழுதி வைத்துவிடுகிறேன்.

பிரேக்கர்

பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இது. இதில் வோல்டேஜைப் பார்த்துவிட்டு ஆம்பியரை விட்டுவிடுகிறார்கள். 10 எம்.வி.ஏ. (மெகா வோல்ட்-ஆம்பியர்) சுமைக்கு 33-ல் 175 ஆம்பியர், 11-ல் 525. ஃபால்ட் (மின் பழுது) எம்.வி.ஏ. அதே அளவில் இருந்தால் ஃபால்ட் கரண்டும் மூன்று மடங்கு. பிரேக்கர், சி.டி. (கரண்ட்டை அளவுக்காகக் குறைத்துத் தரும் கருவி), பஸ்பார் மூன்றையும் இன்றைய ஆம்பியருக்குச் சரிபாருங்கள். சி.டி.க்கு, விகிதத்தை மாற்றிக்கொள்ள டேப் கேளுங்கள்.

கேபாசிட்டர் பேங்க்

33-க்கான பேங்க்கை 11-ல் மாட்டினால், மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜில் அது தரும் ரியாக்டிவ் பவர் (கே.வி.ஏ.ஆர்.) ஒன்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

கரண்ட் லிமிட்டிங் ஃபியூஸ்

33-க்கான ஃபியூஸை 11-ல் மாட்டவே கூடாது. அறுபடும்போது தன் ரேட்டிங்குக்கு ஏற்ற ஆர்க் வோல்டேஜை எழுப்பும். அதை 11 கே.வி. சாமான் தாங்காது.