நெட் பௌலரை அணியில் சேர்த்துவிடாதீர்கள்

எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் போன வாரம் ‘நெட் பௌலர்’ என்பதை ‘நிகரப் பந்துவீச்சாளர்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘நெட் ரன் ரேட்’டை ‘வலை ரன் விகிதம்’ என்று எழுதி, மூத்த உதவி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆங்கிலத்தில் இரண்டும் ‘நெட்’ என்பதால் வரும் வினை. ஓவருக்கு எடுத்த ரன்னில் ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்து மிஞ்சுவது நிகரம். பந்து ஓடிவிடாமல் பக்கவாட்டிலும் பின்னாலும் கட்டியிருப்பது வலை. இதை ஒருமுறை சொன்னால் போதும், யாரும் மறக்கமாட்டார்கள். கிரிக்கெட் பயிற்சிச் செய்திகளில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் தடுக்கி விழுகிற இடங்கள் வேறு.

‘நெட்ஸில் பிரமாதமாக ஆடுகிறார்’

நெட்ஸ் என்பது இடத்துக்கும் பெயர், அங்கே நடக்கும் பயிற்சிக்கும் பெயர். இந்த வாக்கியத்தை ஒரு பயிற்சியாளர் சொன்னதும் ‘சிறப்பான ஃபார்மில் உள்ளார்’ என்று தமிழில் போட்டுவிடுகிறார்கள். மைதானத்துப் பேச்சில் இது பல நேரம் பாதிப் பாராட்டு, பாதிக் குத்தல். நாலு ஆட்டமாக ரன் எடுக்காத ஒருவரைக் காப்பாற்றச் சொல்வதாகவும் இருக்கலாம். அவர் கடைசியாக ஆடிய ஆட்டங்களின் ஸ்கோரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெட் பௌலர்

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். முக்கியமாக என் மீதே.

பல ஆண்டுகளுக்கு முன் சேப்பாக்கத்தில் ஒரு சர்வதேச ஆட்டம். எதிரணியில் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் இருந்ததால், நம் பேட்டர்களுக்குப் பழக்கம் வரட்டும் என்று, மாவட்டத்து இளைஞர் ஒருவரை இரண்டு நாள் வலைப்பயிற்சியில் பந்துவீச அழைத்திருந்தார்கள். மாலை நேர அவசரத்தில் ‘இந்திய அணியில் நம்ம ஊர் வீரர்’ என்று தலைப்புப் போட்டேன். மறுநாளே அவருடைய ஊர் பஸ் நிலையத்தில் பேனர் ஏறிவிட்டது. ஆட்டத்தன்று தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பதினோரு பேரிலும் அவர் இல்லை, தண்ணீர் கொண்டு ஓடுகிறவர்களிலும் இல்லை. வலைப்பயிற்சி முடிந்ததும் முதல் நாள் இரவே பஸ் ஏறி வந்த அவர் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறார். பிறகு எனக்குப் போன் செய்தார். “அண்ணா, நான் யாரிடமும் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். உள்பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டோம். பேனர் கட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

நெட் பௌலர் அணி உறுப்பினர் அல்லர், மாற்று வீரரும் அல்லர். பேட்டர்கள் பயிற்சி எடுப்பதற்காகப் பந்து வீசுகிறவர். பெரும்பாலும் ஆட்டம் நடக்கும் ஊரின் கிளப்களிலிருந்து வருவார். பயிற்சி முடிந்ததும் கிளம்பிவிடுவார். எனவே ‘தேர்வு’, ‘இடம்பிடித்தார்’, ‘அறிமுகம்’ என்ற மூன்று சொற்களும் அவர் பெயருக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

இப்படிச் சொன்னதும் “நடராஜன் ஆடினாரே சார்” என்பார்கள். ஆடினார். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கூடுதல் பந்துவீச்சாளராகத்தான் போனார். அது கொரோனா காலம். உள்ளூர் பௌலர்களைத் தாராளமாகக் கூப்பிட முடியாத தனிமைப்படுத்தல் விதிகள். அதனால் இந்திய வாரியம் நான்கு பேரைக் கூடவே அனுப்பியது. அங்கேயே இருந்ததால், காயங்கள் வரிசையாக வந்தபோது கூப்பிடு தூரத்தில் அவர் கிடைத்தார். டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4 அன்று அதே ஊரில் டி20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். டி20 தொடர் முடிந்தும் வலையில் பந்துவீசத் தங்கிய வாஷிங்டன் சுந்தரும் அதே பிரிஸ்பேனில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் 62 ரன் எடுத்தார்.

கவனியுங்கள்: நெட் பௌலராக இருந்ததாலேயே இருவரும் ஆடினார்கள் என்பதில்லை. பிறகு முறைப்படி அணியில் சேர்க்கப்பட்டதால் ஆடினார்கள். செய்தியில் இவை இரண்டு தனி நிகழ்ச்சிகள். நடுவில் வாரியத்தின் அறிவிப்பு ஒன்று இருக்க வேண்டும். அது உங்கள் கையில் இல்லையென்றால் தலைப்பும் இல்லை.

நிழல் பயிற்சி

மரத்தடியில் நடப்பதல்ல. பந்தில்லாமல் மட்டையை மட்டும் வீசிப் பார்ப்பது.

த்ரோடவுன்

‘கீழே எறிதல்’ என்று ஒருவர் எழுதினார். உதவியாளர் ஓடிவந்து பந்துவீசாமல், சற்றுத் தள்ளி நின்று பேட்டருக்குப் பந்தை எறிந்து தருவதுதான் த்ரோடவுன். வேகம் வேண்டுமென்றால் நீண்ட பிடியின் முனையில் பந்தைச் செருகி எறிவார்கள். அந்தக் கருவிக்குச் சைட்ஆர்ம் என்று பெயர். இந்திய அணியில் ராகவேந்திரா பல ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறார். ‘எறிந்து தரும் பயிற்சி’ என்றால் வாசகருக்குப் புரியும். த்ரோடவுன் என்றே விட்டாலும் குற்றமில்லை.

நாக்கிங்

புது மட்டைக்கு எண்ணெய் தடவி மரச் சுத்தியலால் தட்டிப் பதப்படுத்துவதும் நாக்கிங், ஆட்டத்துக்கு முன் மெதுவாகப் பந்தைத் தட்டிப் பார்ப்பதும் நாக்கிங். எதுவென்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

விருப்பப் பயிற்சி

வராதவரை நீக்கிவிட்டதாக எழுதாதீர்கள். தூங்கிக்கொண்டிருப்பார்.

மைதானம் வேறு, ஆடுகளம் வேறு

ஆடுகளம் என்பது மைதானத்தின் நடுவில் இரு பக்க ஸ்டம்புகளுக்கும் இடையே உள்ள பட்டை, அதாவது பிட்ச். ஆட்டம் நடக்கும் நாளில் அதன் மேல் எந்தப் பயிற்சியும் கூடாது. கிரிக்கெட் சட்டங்களில் 26-ஆவது சட்டம் இதைப் பற்றியதுதான். காலையில் வீரர்கள் ஓரமாக நின்று பந்து தட்டுவதைப் பார்த்துவிட்டு ‘ஆடுகளத்தில் தீவிரப் பயிற்சி’ என்று எழுதினால், ஒரு நாட்டு அணியே விதியை மீறியதாக ஆகிவிடும்.

நிகரப் பந்துவீச்சாளரைக் கண்டுபிடித்த தம்பி நேற்று ஒரு படவிளக்கம் கொண்டுவந்தார்: ‘ஆடுகளத்தில் பயிற்சி மேற்கொண்ட வீரர்கள்.’

“படம் என்றைக்கு எடுத்தது?” என்று கேட்டேன்.

“இன்றைக்குக் காலையில்தான் சார், டாஸுக்கு முன்னால்.”

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.