பழைய ராணுவ வண்டி வாங்கும் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

ராணுவ வண்டி எதையும் ஒற்றை ஆள் பராமரித்த காலம் கிடையாது. தென்னாப்பிரிக்க ராணுவத்தின் சாமில் லாரியோ, பிரிட்டிஷ் பெட்ஃபோர்டு லாரியோ, ஃபெரட் கவச வண்டியோ, முகாமில் நின்ற நாட்களில் ஓட்டுநர் தினமும் எண்ணெயும் சக்கரமும் பார்த்தார். பட்டறையில் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். கிடங்கில் பாகங்கள் அடுக்கி வைத்திருந்தன. எதை எப்போது மாற்ற வேண்டும் என்று கையேடு சொன்னது, மாற்றினார்களா என்று மேலதிகாரி பார்த்தார். இத்தனை பேரையும் விட்டுவிட்டு வண்டி மட்டும் ஏலத்தில் கைமாறி டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்துக்கும் டொங்காட்டுக்கும் வந்து சேர்கிறது. வாங்கியவர் அதைக் கொஞ்சம் பெரிய பக்கி (பின்னால் தொட்டியுள்ள சிறிய சரக்கு வண்டி) என்று நினைத்துக்கொள்கிறார். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்து வந்தவைதான்.

பழைய ராணுவ வண்டி வாங்கும் ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1939-45 போரில் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் இந்திய மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்க அன்றைய அரசு மறுத்தது. லாரி ஓட்டவும், சமைக்கவும், காயம்பட்டவரைத் தூக்கவும் அனுப்பியது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி ஓட்டிய தாத்தாவின் படம் சில வீட்டுக் கூடங்களில் இன்னும் தொங்குகிறது. அந்தக் காலத்து வண்டி ஒன்றைக் காப்பாற்றி ஓடவைப்பது நம் வரலாற்றையும் காப்பாற்றுவதுதான். அதனால்தான் சரியாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

முதல் தவறு பணம் கொடுக்கும் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. "அண்ணா, இன்ஜின் ஓடுதே, பேப்பரைப் பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். பிறகு பார்க்கவே முடியாமல் போன வண்டிகள் பல கொட்டகைகளில் நிற்கின்றன. விற்பவரிடம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலிருக்கும் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு நீங்களே டார்ச் பிடித்து ஒப்பிடுங்கள். ராணுவ வண்டிகளில் இன்ஜின் மாற்றுவது சாதாரணம், எண் பொருந்தாவிட்டால் போலீஸ் சோதனையில் அங்கேயே நின்றுவிடும். வண்டியின் நிலைக் குறியீட்டையும் பாருங்கள். குறியீடு 2 என்றால் பழைய வண்டி, 3 என்றால் உடைந்து திரும்பக் கட்டியது. 4 என்றால் நிரந்தரமாக அழிக்கப்பட்டதாகப் பதிவானது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சாலைக்குத் திரும்பாது, பாகங்களுக்கு மட்டும்தான் உதவும். ஏலச் சீட்டு மட்டும் கையில் இருந்து, இநாட்டிஸ் என்ற தேசிய வண்டிப் பதிவேட்டில் வண்டியே இல்லை என்றால், பணம் கொடுக்கும் முன்பு உங்கள் ஊர் பதிவு அலுவலகத்தில் போய் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாலைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று உரிமம் இல்லாத வண்டியை விடியற்காலையில் திருட்டுத்தனமாக ஓட்டுவோரும் உண்டு. அதற்கென்றே குறுகிய நாட்களுக்கான சிறப்பு அனுமதி இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஜீப் இறக்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. பழைய வண்டி எதை இறக்கவும் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டும். அமெரிக்க வண்டிகளின் இடப்பக்க ஸ்டீயரிங் தனிச் சிக்கல். கவச வண்டி என்றால் நாட்டு எல்லையைக் கடக்க 2002-ஆம் ஆண்டின் மரபுவழி ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் குறுக்கே வரும். கப்பல் கிளம்பிய பிறகு இதையெல்லாம் கேட்டுப் பயனில்லை.

லைசென்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். வில்லிஸ் ஜீப் ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அதற்குச் சாதாரண பி லைசென்ஸ் போதும். சாமில் 20 என்ற பெயரைப் பார்த்து அதையும் சிறிய வண்டி என்று நினைக்கக் கூடாது. அந்த 20 இரண்டு டன் சுமையைக் குறிக்கிறது, வண்டியின் எடையே 3,500 கிலோவை நன்றாகத் தாண்டிவிடும். 3,500 முதல் 16,000 கிலோ வரை சி1 வேண்டும். சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும், ஆண்டுதோறும் சாலைத் தகுதிச் சான்றும் உண்டு. "நான் வாடகைக்கு ஓட்டவில்லையே" என்ற பதில் சாலைத்தடையில் எடுபடாது. 9,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு நெடுஞ்சாலையிலும் 80 கிலோமீட்டர்தான் உச்சவேகம், சாமில் 50-உம் 100-உம் அதில் அடங்கும்.

நிற்கத் தெரியாத வண்டி

நான் அதிகம் கவலைப்படுவது பிரேக்கைப் பற்றித்தான். க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லை டர்பன்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். 2013 செப்டம்பரில் அந்த இறக்கத்தின் அடியில் கட்டுப்பாடிழந்த ஒரு கனரக லாரி டாக்ஸிகள் மீது மோதி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊர் கடலிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஊர். எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வரும்போது இறக்கம்தான்.

பழைய ராணுவ வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்று. ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் போய்விடும். டிரம் பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள். ஹோஸ்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் வாங்கியவுடன் அத்தனையையும் மாற்றிவிடுங்கள், உள்ளே வீங்கி அடைத்திருப்பது வெளியே தெரியாது.

பிரேக் ஆயிலில் நடக்கும் தவறு இன்னும் மோசம். கடையில் கிடைக்கும் டாட் 4 வகை ஆயிலை எல்லா வண்டிக்கும் ஊற்றுகிறார்கள். அமெரிக்க ராணுவம் 1980-களில் டாட் 5 சிலிக்கோன் எண்ணெய்க்கு மாறியது, அது டாட் 3, டாட் 4 வகைகளோடு கலக்காது. ஃபெரட், சாரசன் போன்ற பிரிட்டிஷ் கவச வண்டிகளின் பிரேக் மினரல் எண்ணெயில் வேலை செய்யும்படி அமைந்தது. அதில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டு, சில நாட்களில் பெடல் தரைவரை போகும். முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியாவிட்டால் மொத்தத்தையும் வடித்து, சீல்களை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். டாட் 3-உம் 4-உம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், டர்பன் ஈரக்காற்றில் அது சீக்கிரமே நடக்கும்.

கைபிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லிஸ் ஜீப்பிலும் பழைய லேண்ட் ரோவரிலும் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, இன்ஜின் இழுவையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிய அந்தக் கணமே கைபிரேக் பயனற்றுப் போகும். தூக்கிய சக்கரம் சுழல, வண்டி உருள, அடியில் படுத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பிரீஸ்காவிலும் குருமானிலும் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள் எத்தனை குடும்பங்களின் நுரையீரலைத் தின்றன என்பது இந்த நாட்டுக்குத் தெரியும், 2008-இல் தடையும் வந்தது. ஈரத்துணியால் துடைத்து, மூடிய பையில் போடுங்கள்.

சக்கரம் வெடித்தால்

ராணுவ வண்டிகளின் ரிம்கள் பெரும்பாலும் துண்டுகளாகப் பிரியும். லாரிகளில் வளையம் கொண்டு பூட்டியிருக்கும், ஜீப்பில் இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அந்த ஜீப் ரிம்மில் இரண்டு வகை நட்டுகள் உண்டு. ஒன்று சக்கரத்தை வண்டியோடு பிடிப்பது, இன்னொன்று ரிம்மின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பது. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றியவர்கள் செத்திருக்கிறார்கள். லாரி ரிம்மின் வளையமும் அப்படித்தான், தெறித்து வந்தால் தலையைக் கொண்டுபோகும்.

வால்வுக்குள் இருக்கும் ஊசியையே கழற்றி எடுத்து, காற்று முழுவதும் போனதை உறுதி செய்த பிறகுதான் எந்த நட்டிலும் ஸ்பானரை வையுங்கள். திரும்பக் காற்றடிக்கும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும், நீங்கள் நீளமான குழாயோடு பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஊர் முனையில் பக்கி டயர் மாற்றும் கடையில் இந்தக் கூண்டு இருக்காது. லாரி டயர் வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள். சட்டம் 1 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும் என்கிறது. ராணுவ டயரில் பள்ளம் ஏராளமாக இருக்கும், ரப்பர்தான் முப்பது வருடமாகக் காய்ந்து வெடித்திருக்கும். பக்கச்சுவரில் இருக்கும் தேதி எண்ணைப் பாருங்கள், நான்கு இலக்கமானால் கடைசி இரண்டு வருடம், மூன்றே இலக்கம் என்றால் அது 2000-க்கு முந்தைய டயர்.

நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில் தார் ரோட்டில் ஓட்டுவது அடுத்த தவறு. ஜீப்பின் முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன, நடுவில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. மண்ணில் டயர் சற்று வழுக்கிச் சமாளித்துவிடும். தாரில் முறுக்கம் ஏறி ஏறி கியரையும் தண்டையும் உடைக்கும். முன் இழுவையைப் பிரித்துவிட்டு ஓட்டினால் போதும். ஃபெரட்டில் அப்படிப் பிரிக்கவே வழியில்லை, ஆகவே நீண்ட தார்ப் பயணத்தை அதற்குக் கொடுக்காதீர்கள், டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள். தாரில் ஓட்டியே ஆக வேண்டுமானால், வழியில் புல்தரையிலோ மண்ணிலோ கொஞ்சம் ஓட்டினால் முறுக்கம் இறங்கும். அதே ஃபெரட்டில் கியர் மாற்றும் பெடலை அரைகுறையாக மிதித்தால் அது காலைத் திருப்பி உதைக்கும். முழுதாக மிதித்துப் பழகாதவரை யாரையும் அந்த இருக்கையில் உட்கார விடாதீர்கள்.

இன்ஜினில் சாமில் 20-ஐத்தான் அதிகம் கெடுக்கிறார்கள். அதன் முதல் வகையில் டாய்ட்ஸ் இன்ஜின், தண்ணீரே கிடையாது, காற்றால் குளிர்வது. "தண்ணி இல்லை, கவலை இல்லை" என்று சந்தோஷப்பட்டுவிட்டு, சிலிண்டர் துடுப்புகளுக்கிடையில் எண்ணெயும் கரும்புத்தோட்டத் தூசியும் சேர்ந்து கெட்டியாவதைப் பார்ப்பதில்லை. காற்றடிக்கும் விசிறியின் பெல்ட் அறுந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் போய்விடும். பெல்ட்டை மாற்றி வையுங்கள், ஒன்றைக் கையிருப்பிலும் வையுங்கள். பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு வேறு சிக்கல். 2006 முதல் இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை, கடினமாக்கப்படாத வால்வு சீட்டுகள் அதிகச் சுமையில் தேயும். இன்ஜினைத் திறக்கும் அடுத்த தடவை சீட்டுகளை மாற்றிவிடுங்கள். பழைய பெட்ரோல் குழாய்களை அதுவரை விட்டுவைக்காதீர்கள், தீ பிடிப்பது அங்கேதான்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. போர்க்கால ஜீப் 6 வோல்ட், பின்வந்த ராணுவ வண்டிகள் பல 24 வோல்ட். பக்கத்து வீட்டுக் காரின் 12 வோல்ட்டில் கம்பி மாட்டும் முன் பாருங்கள். இருட்டடிப்பு விளக்கு நிலையில் ஸ்விட்ச் இருந்தால் பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு தெரியவே தெரியாது, கிளம்பும் முன் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துச் சரிபாருங்கள்.

வண்டி எதை நினைவூட்டுகிறது

அசல் தோற்றம் வேண்டும் என்று நிறவெறி ஆட்சிக் காலத்தின் பழைய ஆரஞ்சு, வெள்ளை, நீலக் கொடியைக் கதவில் வரைந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். காரணமின்றி அந்தக் கொடியைக் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று சமத்துவ நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் அதை உறுதிசெய்தது. சட்டத்தை விடுங்கள். 1980-களில் காஸ்பிர், பஃபல் என்ற கவச வண்டிகள் எந்தத் தெருக்களில் எதற்காக ஓடின என்பதை நேரில் பார்த்தவர்கள் நம் பக்கத்து ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். கறுப்பின மக்கள் வாழும் க்வாமஷு வழியாக ஒரு காஸ்பிரை ஞாயிற்றுக்கிழமை உலா கொண்டுபோவதைப் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வண்டிகளைப் பாதுகாக்க வேண்டும்தான், அவை சாட்சிகள். ஜோகன்னஸ்பர்க் சாக்ஸன்வோல்டின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்திலும், ப்ளூம்ஃபாண்டேன் டெம்பேயில் உள்ள கவசப்படை அருங்காட்சியகத்திலும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வண்ணமும் குறிகளும் எப்படி இருந்தன என்பதற்கும் அங்கேதான் சரியான பதில் கிடைக்கும். பொம்மைத் துப்பாக்கி என்று சொல்லி உண்மையான துப்பாக்கியின் உடலைப் பொருத்தாதீர்கள், 2000-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதைச் சும்மா விடாது. படையினர் சீருடை போட்டுக்கொண்டு ஓட்டுவதும் குற்றமாகலாம்.

காவடிக்கு வருவோம். தைப்பூசத்தன்று லாரி வைத்திருப்பவரை எல்லோரும் கேட்பார்கள், "மாமா, பிள்ளைகளைக் கோயில் வரைக்கும் ஏத்திட்டுப் போங்க." மறுக்க மனம் வராது. ஆனால் சரக்குத் தொட்டியில் ஆள் ஏற்ற, உட்கார்ந்திருக்கும் பரப்புக்கு மேல் குறைந்தது 350 மில்லிமீட்டரும், நிற்பதானால் 900 மில்லிமீட்டரும் உயரமுள்ள அடைப்பு சுற்றிலும் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஏற்றவே கூடாது. பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள், ஒரு பெரியவரையும் அவர்களோடு உட்காரவையுங்கள், மலைச்சாலை வழியாகப் போகாதீர்கள்.

இன்சூரன்ஸ் எடுக்காமல் "சாலை விபத்து நிதி இருக்கிறதே" என்று சொல்வோருக்கு: அது பெட்ரோல் வரியிலிருந்து வரும் பணம், மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும்தான். ஐந்து டன் இரும்பு மோதி நொறுங்கிய அடுத்தவர் காருக்கு நீங்கள்தான் பொறுப்பு. வண்டியின் மதிப்பை இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி எடுங்கள், சந்தை விலை என்று விட்டால் அறுபது வருட லாரிக்கு ஒன்றும் கிடைக்காது.

விற்கும் நாளில் பலர் சாவியைக் கொடுத்து, கைகுலுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை நீங்களே நிரப்பி, வாங்குபவரின் அடையாளச் சீட்டின் நகலோடு பதிவு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவருக்குத் தன் பெயரில் பதிவு செய்ய 21 நாள் உண்டு. அவர் செய்யாவிட்டால் அபராதச் சீட்டும் ஆண்டு உரிமக் கட்டணமும் உங்கள் வீட்டு முகவரிக்கே வந்துகொண்டிருக்கும்.